ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது? ஆயில் கூலர் மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆட்டோமேட்டிக் டீசல் பிக்கப் வாங்கி நீலகிரியில் ஓட்டும் எவருக்கும் சீக்கிரமே ஓர் அறிவுரை வந்து சேரும்: "மலைக்கு இந்த கியர்பாக்ஸ் தாங்காதுங்க, பெரிய ஆயில் கூலர் ஒண்ணு மாட்டிடுங்க." கொடைக்கானல் பக்கமும் இதே பேச்சுதான். ஆயில் கூலர் என்பது கியர்பாக்ஸ் எண்ணெயைக் காற்றில் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர். அறிவுரை முழுக்கத் தவறில்லை. ஆனால் சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரியாமல் கூலரை மாட்டுவதால் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஓட்டம் குறைந்துபோன வண்டிகளும் உண்டு, ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் இன்ஜின் சூடான வண்டிகளும் உண்டு. கருவியை வாங்குவதற்கு முன் அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடலாம். காரட், முட்டைக்கோஸ், பச்சைத் தேயிலை ஏற்றி ஓடும் பொலிரோ பிக்கப் போன்ற மேனுவல் வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மேனுவல் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் நேரடியாகக் கோத்துக்கொண்டு சுழல்கின்றன. அங்கே பிறக்கும் சூட்டை அதன் உலோக உடம்பே காற்றில் விட்டுவிடும். அந்த வண்டிகள் ஏற்றத்தில் சூடாவது கிளட்ச் பிளேட்டில்தான், அதுவும் கொண்டை ஊசி வளைவில் பாதி கிளட்ச்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும்போது. அதற்கு ஆயில் கூலர் எந்த உதவியும் செய்யாது. இந்தக் கட்டுரை இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டீசல் பிக்கப்புகளின் ஆட்டோமேட்டிக் வகைகளைப் பற்றியது.

டாஷ்போர்டு முள் எதைக் காட்டுகிறது?

"டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நிக்குது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் பலர். அந்த முள் இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரின் சூட்டை மட்டும் காட்டுகிறது. கியர்பாக்ஸுக்குள் ஓடும் எண்ணெய் தனி. அதன் பெயர் ஏ.டி.எஃப்.; ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்றே தயாரிக்கப்படும் மெல்லிய எண்ணெய் இது. இன்ஜின் நீர் 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும்போதே இந்த எண்ணெய் 125 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பல வண்டிகளில் இதற்கென ஒரு எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது எரியும் நேரத்தில் எண்ணெய் கெடத் தொடங்கியிருக்கலாம்.

அடுப்பில்லாமல் பிறக்கும் சூடு

இட்லி மாவை மிக்ஸியில் அரைத்தவர்களுக்குத் தெரியும்: சில நிமிடம் ஓடினாலே ஜார் கைக்குச் சுடும். அதனால்தான் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறார்கள். அங்கே நெருப்பு எதுவும் இல்லை. பிளேடு மாவைச் சுழற்றிக் கலக்கும்போது மோட்டார் தரும் ஆற்றலில் பெரும்பகுதி உராய்வாகி, மாவிலேயே சூடாகத் தங்கிவிடுகிறது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இதே கலக்கல் டார்க் கன்வர்ட்டருக்குள் நடக்கிறது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும், எண்ணெய் நிரம்பிய உலோகக் கூடு அது. உள்ளே எதிரெதிராக இரண்டு இதழ்ச் சக்கரங்கள். ஒன்று இன்ஜினோடு சேர்ந்து சுழன்று எண்ணெயை வீசுகிறது. அந்த எண்ணெய் மோதி மற்றது சுழல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மேனுவல் வண்டியில் கிளட்ச் செய்யும் வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது.

இன்ஜின் பக்கச் சக்கரம் 2,000 சுற்று சுழலும்போது மறுபக்கம் 1,600 சுற்றுதான் சுழல்கிறது என்று வையுங்கள். இடையில் காணாமல் போன 400 சுற்றுக்கு ஸ்லிப் என்று பெயர். ஸ்லிப் ஒரு குறைபாடில்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவிசையைப் பெருக்கித் தருவதே அதுதான். ஆனால் ஸ்லிப் இருக்கும் வரை எண்ணெய் சூடாகிக்கொண்டே இருக்கும்.

கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டில் பெரும்பங்கு இன்ஜினிலிருந்து வருவதில்லை, கன்வர்ட்டருக்குள்ளேயே ஸ்லிப்பால் பிறக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

மேட்டுப்பாளையம்–குன்னூர்: ஒரு கணக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். லோடோடு 2,800 கிலோ எடையுள்ள பிக்கப்பை 1,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 41 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் 11 யூனிட்டுக்கு மேல். ஒரு மணி நேரத்தில் ஏறினால், சராசரியாக 11 கிலோவாட்டுக்கு மேல் இடைவிடாமல் கன்வர்ட்டர் வழியாகப் போயாக வேண்டும். அதில் 15 சதவீதம் ஸ்லிப்பில் போனாலே 2 கிலோவாட் சூடு எண்ணெயில் இறங்குகிறது. கியர்பாக்ஸில் 8 லிட்டர் எண்ணெய் இருந்து, அந்தச் சூடு முழுவதும் எண்ணெயிலேயே தங்கினால் 7 விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். சுற்றியுள்ள உலோகமும் கூலரும் பங்கு வாங்கிக்கொள்வதால்தான் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. கோடை சீசனில் பர்லியாறு பக்கம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஒரு சக்கரம் சுழல்கிறது, மற்றது அசையாமல் நிற்கிறது. 100 சதவீதம் ஸ்லிப். இன்ஜின் தரும் ஆற்றல் முழுவதும் சூடாகிறது. வண்டியை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துச் செய்யும் ஸ்டால் சோதனையை 5 விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்று பட்டறைக் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். ஏற்றத்தில் நிற்க வேண்டுமானால் பிரேக். நீண்ட நேரம் என்றால் ஹேண்ட் பிரேக். எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் இந்தப் பழக்கத்தைத் தாங்காது.

லாக்கப்: செலவில்லாத கூலர்

ஸ்லிப்பை ஒழிக்க கன்வர்ட்டருக்குள்ளேயே ஒரு சிறு கிளட்ச் இருக்கிறது. அது பிடித்ததும் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும். இதுதான் லாக்கப். லாக்கப் ஆனதும் கன்வர்ட்டரில் சூடு பிறப்பது ஏறக்குறைய நின்றுவிடும்.

சமவெளி நெடுஞ்சாலையில் வண்டி பெரும்பாலான நேரம் லாக்கப்பிலேயே ஓடும். மலைப்பாதையில் நிலைமை வேறு. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்கும்போது லாக்கப் விடுபடுகிறது. வளைந்து வெளியே வந்து மிதிக்கும்போது ஸ்லிப் தொடங்குகிறது. கொஞ்சம் வேகம் எடுத்து லாக்கப் பிடிக்கும் நேரத்தில் அடுத்த வளைவு வந்துவிடுகிறது, அல்லது முன்னால் ஒரு லாரி.

கியர் தானாக மாறும் 'டி' (டிரைவ்) நிலையில் விட்டால் கியர்பாக்ஸ் எரிபொருளைச் சேமிக்க மேல் கியருக்குப் போகப் பார்க்கும். இன்ஜின் சுற்று 1,400க்கு விழும், இழுவை போதாது, லாக்கப்பை விட்டுவிட்டு ஸ்லிப்பால் இழுவிசையைப் பெருக்கும். இதற்கு மருந்து நெம்புகோலில் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. கியரை நீங்களே தேர்ந்தெடுக்கும் மேனுவல் நிலைக்கு மாற்றி 2 அல்லது 3ஆம் கியரில் 2,000 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். மூன்று நன்மைகள் ஒருசேரக் கிடைக்கும். ஸ்லிப் குறையும். எண்ணெயைத் தள்ளும் பம்ப் இன்ஜினோடு சுழல்வதால் கூலருக்குள் ஓட்டம் கூடும். ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் காற்றும் கூடும். இன்ஜின் சத்தம் அதிகமாகக் கேட்பதால் வண்டி கஷ்டப்படுவதாக நினைத்துப் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் கியர்பாக்ஸ் நிம்மதியாக இருப்பது இந்தச் சத்தத்தில்தான்.

எவ்வளவு சூடு வரை பரவாயில்லை?

80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை எண்ணெய்க்கு உகந்த நிலை. ஏற்றத்தில் லோடோடு 105 வரை போய், சமதரை வந்த 10 நிமிடத்தில் இறங்கிவிட்டால் கவலை இல்லை. 110க்கு மேல் போய் அங்கேயே நின்றால் குளிர்விப்பு போதவில்லை என்று பொருள். 120ஐத் தொட்டால் ஒதுக்கி நிறுத்த வேண்டும். 130க்கு மேல் போனால் எண்ணெயை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

இந்த எல்லைகளுக்குக் காரணம் உண்டு. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். பொது விதியாக, ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 90 டிகிரியில் வருடக்கணக்கில் உழைக்கும் எண்ணெய் 130 டிகிரியில் அதன் பதினாறில் ஒரு பங்கு காலமே தாங்கும். கெட்ட எண்ணெய் சிவப்பிலிருந்து பழுப்பாகி, தீய்ந்த வாடை அடிக்கும். வால்வுகளில் பிசின்போல் படியும். ரப்பர் சீல்கள் விறைத்துக் கசியத் தொடங்கும். "ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்" என்று சொல்லப்படும் எண்ணெய்க்கும் இது பொருந்தும். அந்த வாக்குறுதி சாதாரண ஓட்டத்துக்கானது. தினமும் லோடோடு மலையேறுவதைக் கடும் பயன்பாடு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனியே வைத்த கூலர் எங்கே தோற்கிறது?

பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் முதலில் வெப்பமாற்றி ஒன்றுக்குள் போகிறது. எண்ணெய் ஒரு பக்கமும் இன்ஜின் கூலன்ட் மறுபக்கமும் கலக்காமல் ஓடி, சூட்டை மட்டும் பரிமாறிக்கொள்ளும் அமைப்பு அது. ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயோ கியர்பாக்ஸின் பக்கவாட்டிலோ இருக்கும். காலையில் எண்ணெயைச் சீக்கிரம் சூடேற்றுவதும், ஓட்டத்தில் குளிர்விப்பதும் இரண்டுமே அதன் வேலை.

அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. கூலன்ட் 90 டிகிரி, எண்ணெய் 100 டிகிரி என்றால் இடைவெளி 10 டிகிரிதான். சூடு நகர்வது இந்த இடைவெளியைப் பொறுத்தது. 10 டிகிரியில் மெதுவாகத்தான் நகரும். காற்றில் குளிரும் கூலரை எடுத்துக்கொண்டால், ஏப்ரல் மாத மேட்டுப்பாளையத்தில் காற்று 38 டிகிரி என்றாலும் இடைவெளி 62. குன்னூர் வரும்போது 75க்கு மேல். தனி ஆயில் கூலர் பயன் தருவது இதனால்தான்.

மலையில் இதற்கு இரண்டு தடைகள் உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று மிகக் குறைவு, கூலர் முழுக்க ஃபேனை நம்பித்தான் இருக்கிறது. இன்னொன்று, ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் தள்ளும் காற்றின் எடை குறையும்.

ஆக, கம்பெனி அமைப்பு எண்ணெயைக் கூலன்டின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. காற்றுக் கூலர் முடியும், ஃபேன் நன்றாக இருந்தால்.

கூலர் வாங்கும் முன்

முதல் வேலை அளப்பது. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினித் தகவலைப் படிக்க இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனரும் கைப்பேசிச் செயலியும் போதும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் சூட்டைப் படிக்க அந்தக் கம்பெனிக்கே உரிய குறியீட்டைச் செயலியில் சேர்க்க வேண்டும். வழக்கமான லோடோடு கல்லாறிலிருந்து குன்னூர் வரை, அல்லது வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை ஒருமுறை ஏறி, பக்கத்தில் இருப்பவரை எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். 'டி'யில் ஒருமுறை, மேனுவல் நிலையில் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த பிறகு பலருக்குக் கூலர் தேவைப்படாமலே போகும்.

அடுத்தது காற்று வழி. ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கும் இடையில் சேறும் பூச்சியும் இலைத்தூளும் அடைந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து இருந்த வழியும் அடைபடும். இன்ஜின் நின்று ஆறிய பிறகு ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பல டீசல் பிக்கப்புகளில் இருக்கும், கெட்டித் திரவ கிளட்ச் வழியாகச் சுழலும் விஸ்கஸ் வகை ஃபேன் சற்றே கனத்து, கையை எடுத்ததும் நிற்க வேண்டும். தடையில்லாமல் பல சுற்று ஓடினால் அதன் கிளட்ச் போய்விட்டது. அதை விட்டுவிட்டுக் கூலர் மாட்டுவது வீண் செலவு.

ரேடியேட்டருக்குள் வெப்பமாற்றி உள்ள வண்டி பழையதானால் கூலன்ட் தொட்டியையும் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு மட்டும். இளஞ்சிவப்பில் பால் கலந்ததுபோல் தெரிந்தால் உள்ளே ஓட்டை விழுந்து எண்ணெயும் கூலன்டும் கலந்துவிட்டன. கூலன்டில் உறையாமல் இருக்கக் கலக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கும். அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தேர்வும் பொருத்துதலும்

சந்தையில் கிடைப்பவற்றில் தட்டடுக்கு வகைதான் மலைக்கு ஏற்றது. தட்டையான அறைகள் அடுக்கடுக்காக இருக்கும். சிறிய அளவிலேயே நிறைய சூட்டைக் கடத்தும், எண்ணெய் ஓட்டத்துக்குத் தடையும் குறைவு. வளைந்து வளைந்து போகும் குழாய் வகை மலிவு, ஆனால் பலவீனம். அளவில் பேராசை வேண்டாம். ரேடியேட்டரின் முகத்தைப் பாதி மறைக்கும் கூலர் தன் சூட்டையெல்லாம் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்பும், ஏ.சி. ஓடும்போது இன்ஜின் முள் ஏறத் தொடங்கும். பம்பரின் கீழ்த்திறப்புக்கு நேராக, ரேடியேட்டரின் கால்பங்குக்கு மேல் மறைக்காமல் வைப்பது நல்லது.

ஓட்டத்தின் வரிசை முக்கியம். கியர்பாக்ஸ், பிறகு கம்பெனி வெப்பமாற்றி, பிறகு புதிய காற்றுக் கூலர், மீண்டும் கியர்பாக்ஸ். வெப்பமாற்றி முதல் கட்டச் சூட்டை எடுத்துவிட, மிச்சத்தைக் காற்று எடுக்கும். எந்தக் குழாய் வெளியே வருவது, எது திரும்பிப் போவது என்று தெரியாவிட்டால் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். முதலில் சூடாவது வெளியே வரும் குழாய். திரும்பும் குழாயில்தான் கூலரை இணைக்க வேண்டும்.

ஹோஸில்தான் நிறைய பேர் மிச்சம் பிடிக்கிறார்கள், சேதமும் அங்கேதான் தொடங்குகிறது. டீசல் ஹோஸும் ரேடியேட்டர் ஹோஸும் இந்தச் சூட்டையும் எண்ணெயையும் தாங்காமல் ஊறி, ஏற்றத்தின் நடுவில் கழன்றுகொள்ளும். பம்ப் சில நிமிடத்தில் எண்ணெய் முழுவதையும் ரோட்டில் கொட்டிவிடும். கியர்பாக்ஸ் எண்ணெய்க் கூலர் ஹோஸுக்கான தரக் குறியீடான எஸ்.ஏ.இ. ஜே 1532 (SAE J1532) அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. பல கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய்தான் பேரிங்குகளுக்குப் போகிறது, வழி குறுகினால் சூடு தணிந்தாலும் பேரிங் காயும். மாட்டுவதற்கு முன் திரும்பும் குழாயை ஓர் அளவுக் கேனில் விட்டு, 'பி' (பார்க்கிங்) நிலையில் ஐட்லிங்கில் 20 விநாடி ஓட்டி எத்தனை மில்லி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த 20 விநாடிக்கு மேல் ஓட்ட வேண்டாம். மாட்டிய பிறகு கூலர் முழுக்க நிரம்பியதும் அதேபோல் அளந்தால் அளவு பெரிதாகக் குறைந்திருக்கக் கூடாது. இரண்டு அளவுக்கும் வெளியே வந்த எண்ணெயின் அளவுக்குப் புதிய எண்ணெயை ஈடு செய்துவிடுங்கள்.

கூலரை ரேடியேட்டர் தகடுகளின் ஊடே பிளாஸ்டிக் கொக்கி குத்திக் கட்டும் முறையை அனுமதிக்காதீர்கள். எஸ்டேட் ரோட்டின் குலுக்கலில் ஆறே மாதத்தில் தகட்டை அறுத்து ஓட்டை போட்டுவிடும். இரும்புப் பட்டையும் ரப்பர் புஷ்ஷும் வைத்து பாடியில் நிறுத்த வேண்டும். கண்டென்சருக்கும் கூலருக்கும் ஒரு விரல் இடைவெளி. குழாய் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கும். முன்னால் ஒரு கம்பி வலை கல் அடியிலிருந்து காக்கும்.

கியர்பாக்ஸ் முன்பே ஒருமுறை பழுதாகித் திறக்கப்பட்ட வண்டியானால், பழைய கூலரைக் கழுவி மீண்டும் பயன்படுத்த வேண்டாம். உலோகத் தூள் உள்ளே ஒளிந்திருந்து புதிய பாகங்களைத் தின்றுவிடும்.

எண்ணெய் மட்டம்

புதிய கூலரும் ஹோஸும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடுதலாகக் குடிக்கும். வண்டிக் கையேட்டில் சொன்ன வகை எண்ணெயையே ஊற்றுங்கள், டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ். என்றால் டபிள்யூ.எஸ். மட்டும். கடையில் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார்கள். லாக்கப் கிளட்ச்சின் பிடிப்பு எண்ணெயின் உராய்வுத் தன்மையைப் பொறுத்தது, மாற்றி ஊற்றினால் வண்டி அதிரத் தொடங்கும்.

இந்தக் காலத்து கியர்பாக்ஸ்கள் பலவற்றில் டிப் ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, எண்ணெய் கையேடு சொல்லும் சூட்டில் இருக்கும்போது, அடியில் உள்ள மட்ட நட்டைத் திறந்தால் எண்ணெய் மெல்லிய இழையாக வடிய வேண்டும். அந்தச் சூடு பல வண்டிகளில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். வடியாவிட்டால் குறைவு, கொட்டினால் அதிகம். வண்டி சமமாக நிற்பது இதில் உயிர்நாடி. மலை ஊர்களில் சமமாகத் தெரியும் பட்டறைத் தரைகூடச் சாய்ந்திருக்கும். சேஸிஸில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தேவையானால் சக்கரத்துக்குப் பலகை கொடுத்துச் சமன்செய்த பிறகே நட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் குறைந்தால் கொண்டை ஊசி வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கும். இரண்டும் சூட்டில்தான் முடியும்.

வேலை முடிந்ததும் முழு லோடில் கிளம்ப வேண்டாம். வெறும் வண்டியாக ஊட்டியிலிருந்து குன்னூர் போய்த் திரும்பி, ஒவ்வொரு கிளாம்ப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை.

டிசம்பர் காலை

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் ஊட்டிப் பக்கம் காற்று பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். அப்போது கூலர் எதிரியாக மாறும். எண்ணெய் தடித்து, கியர் தாமதமாக விழும். குறிப்பிட்ட சூடு வராதவரை பல வண்டிகள் லாக்கப்பையே அனுமதிப்பதில்லை. இதற்காகத்தான் தெர்மோஸ்டாட் பைபாஸ். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கூலருக்குள் விடாமல் நேராகத் திருப்பி அனுப்பி, சுமார் 80 டிகிரி வந்ததும் கூலரின் வழியைத் திறக்கும் சிறு வால்வு அது. சமவெளி வண்டிக்கு அது விருப்பம். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் நிறுத்தும் வண்டிக்குக் கட்டாயம். அதை விட்டுவிட்டு அட்டையால் கூலரை மறைத்து ஓட்டும் வழக்கமும் இருக்கிறது. மேலே குளிருக்கு வைத்த அட்டையை மேட்டுப்பாளையத்தில் எடுக்க மறந்து, லோடு ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறினால் கூலர் இருந்தும் இல்லாததுதான். வால்வையே போட்டுவிடுங்கள், போட்ட பிறகும் எண்ணெய் 60 டிகிரி தொடும்வரை ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டாம்.